சிவப்பு வராத புதன்கிழமை

அத்தியாயம் பதினேழு

"அம்மா, இண்டைக்கும் அப்பாதான் வெண்டவர்."

விடிந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. விறகு ஈரம், அடுப்பு எரிய மாட்டேன் என்கிறது, கண்ணெல்லாம் புகை. இந்த நேரத்தில் யார் வென்றால் என்ன, யார் தோற்றால் என்ன என்றுதான் ஞானமலருக்கு இருந்தது.

"எதில வெண்டவர்?"

"சிவப்பில."

நான்கு வயது அனிஸ்ரன் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி குசினி வாசலில் நின்றான். உதடு பிதுங்கியிருந்தது.

இந்தச் சிவப்புப் போட்டியைப் பற்றி, இடையில் ஓரிரு கிழமை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நந்திக்கடலில் வலை வீசிப் பிழைக்கிற தோமஸ், ஐந்து மாதத்துக்கு முன் தோணியிலேயே இரத்தமாகத் துப்பினான். காசநோய் என்றார்கள். நான்கு வகைக் குளிசை தொடங்கியது. ஊர் யாவாரிகள் அவன் பிடித்த மீனைத் தொடாமல் தாண்டிப் போக, வலையை மடித்து வைத்தான். இப்போது சளியில் கிருமி இல்லை என்று கிளினிக்கில் சொல்லி, இரண்டு கிழமையாகத்தான் திரும்பவும் வலையைத் தூக்கியிருக்கிறான்.

தகப்பனோடு ஒரே பாயில் படுத்து எழும்பியவன் அனிஸ்ரன். அவனுக்கு இன்னும் அந்த வருத்தம், காசநோய், வரவில்லை, ஆனால் கிருமி உள்ளே போயிருக்கும், அது எழும்பாமல் இருக்க ஆறு மாதம் மருந்து கொடுக்க வேண்டும் என்றார் டொக்டர். முதலில் கொடுத்த குளிசையில் பிள்ளைக்குச் சத்தியும் வயிற்றுப் பிரட்டலும் வந்து கண்ணும் மஞ்சளாகியது. அதை நிறுத்திவிட்டு, செங்கல் நிறத்தில் ஒரு பாணி மருந்தைத் தந்தார்கள். தோமஸ் விழுங்கும் குளிசையில் ஒன்றும் அதே மருந்துதான்.

அந்த மருந்து உள்ளே போனால் சலம், மூத்திரம்தான், செம்மஞ்சளாகப் போகும். முதல் நாள் அதைக் கண்டு இரத்தம் என்று பிள்ளை ஊரைக் கூட்டினான். அவன் பயத்தைப் போக்க, தோமஸ் அவனைக் கிடுகு வேலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னுடையதையும் காட்டினான். அன்றிலிருந்து தகப்பனுக்கும் மகனுக்கும் விடிந்தால் இதுதான் போட்டி. ஞானமலர் எத்தனையோ தரம் பேசிப் பார்த்தாள். இரண்டும் கேட்கிற சாதி இல்லை.

"உன்ர என்ன நிறத்தில போனது?"

"வெறும் தண்ணி மாதிரி."

ஞானமலர் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"நேற்று?"

"நேற்றும் அப்பிடித்தான்."

"ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"அப்பா சொன்னவர், அம்மாவிட்டச் சொல்லாத, பிறகு நீதான் வெல்லுவாய் எண்டு."

அந்தக் கடைசி வசனத்தை ஞானமலர் அப்போதே நின்று யோசித்திருந்தால் அரைநாள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். தோமஸ் போட்டி முடிந்த கையோடு கடலுக்குப் போயிருந்தான். விளையாட்டுப் புத்தி, வேறென்ன என்று அதைத் தள்ளிவிட்டாள். அவள் மனதில் நின்றது கிளினிக் தாதி அமராவதி மிஸி சொன்ன வேறொரு வார்த்தை. சிவப்பாய்ப் போனா பயப்பிடாதேங்கோ, அது மருந்தின்ர நிறம். போகாட்டித்தான் என்னட்ட வாங்கோ.

குசினி மூலையில் ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் மருந்துப் போத்தல் நின்றது. குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது, அவள் கண்டுபிடித்த வழி அது. போத்தலை எடுத்துப் பார்த்தாள். மற்ற நாட்களில் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு மண்டி படிந்திருக்கும். நன்றாகக் குலுக்கினால்தான் கலக்கும். இப்போது அடியில் ஒன்றுமில்லை. குலுக்கினாள். சர்பத் போல இளகி ஆடியது.

முந்தாநாளும் நேற்றும் இருட்டோடு எழும்பி, அரைத்தூக்கத்தில் ஊற்றிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. தன் கண்ணையே நோண்டிப் போடலாம் போல இருந்தது.

பிள்ளையின் தலையணை உறையை எடுத்து விரித்தாள். முதல் மாதம் சிந்தின கறை, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகாமல் செங்கல் நிறத்தில் கிடந்தது. அதன் பக்கத்தில் போத்தலிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். வெளிறிய றோசா நிறத்தில் பரவியது.

தண்ணீர். யாரோ மருந்தை ஊற்றி எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

இந்த வன்னிக்குள் ஒரு பெனடோல் குளிசை வருவதற்கே எங்கோ யாரோ கையெழுத்துப் போட வேண்டும். இந்தப் போத்தலுக்காக அவள் மூன்று தரம் கிளினிக் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறாள். விடிய எழும்பி, வெறும் வயிற்றில் இரண்டு தேக்கரண்டி அளந்து கொடுத்து, ஒரு மணித்தியாலம் பசியில் அழுகிற பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டி, பிறகுதான் கஞ்சி கொடுத்திருக்கிறாள். எல்லாம் கிணற்றுத் தண்ணீருக்கா?

கேட்காமல் இந்தக் குசினிக்குள் வந்து போகிற ஆள் ஒன்றே ஒன்றுதான். தோமசின் தங்கை றீற்றா. தேங்காய்த் திருவலை வேண்டும் என்று வருவாள், உப்பு வேண்டும் என்று வருவாள்.

ஞானமலர் பிள்ளையின் முகத்தைக் கழுவி, மாதா படம் கோத்த, முறுகிக் கிடந்த உத்தரியக் கயிற்றைக் கழுத்தில் இழுத்துச் சரிசெய்தாள்.

"கயிறு நோகுது அம்மா."

"உனக்கு எல்லாம் நோகும். நட."

* * *

றீற்றாவின் வளவில் கருவாட்டுப் பந்தல்கள் வரிசையாக நின்றன. புருசன் கடலில் காணாமல் போனதிலிருந்து அவளுக்கு இந்தக் கருவாடுதான் சோறு. ஓரா மீனைப் பிளந்து உப்பில் புரட்டிக்கொண்டிருந்தவள், ஞானமலரின் நடையைக் கண்டதும் கையைக் கழுவினாள்.

"என்ன மச்சாள், விடியக் காத்தாலை?"

"என்ர பிள்ளையின்ர மருந்தை எடுத்தனியோ?"

றீற்றா வாசலை மறித்து நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. சின்ன இருமல், ஆனால் நிற்காமல் வந்தது.

ஞானமலர் அவளைத் தாண்டி உள்ளே போனாள். றீற்றாவின் மகள் கம்சா பாயில் படுத்திருந்தாள். மூன்று வயது. போன ஞாயிறு பூசைக்கு அவளைக் கூட்டி வராததற்கு றீற்றா சொன்ன காரணம், சும்மா சளி, தடிமல் என்பது. இது தடிமல் இல்லை. பிள்ளையின் தோள் எலும்பு சட்டைக்குள்ளால் தெரிந்தது. சட்டையின் கழுத்துப் பட்டியில் செங்கல் நிறக் கறை.

சுவரில் மாதா சொரூபத்தட்டு. மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், மடுக் கோயிலிலிருந்து ஆசீர்வதித்த தண்ணீர் கொண்டுவருகிற சின்னப் போத்தல். அதற்குள் சிவப்பு மருந்து, மெழுகுதிரிச் சூட்டில்.

"களவெடுத்ததைக் கொண்டுவந்து மாதாவுக்கு முன்னால வைச்சிருக்கிறாய்."

"நான் எடுக்கேல்லை மச்சாள்."

"அப்ப மாதாவோ எடுத்தவ?"

"அண்ணை தந்தவர்."

அம்மாவிட்டச் சொல்லாத என்பது இப்போதுதான் ஞானமலரின் காதில் சரியாக விழுந்தது.

"எப்ப தந்தவர்?"

"போத்தல் வந்த அண்டைக்குப் பாதி. முடிஞ்சுதெண்டு சொல்ல, போன சனிக்கிழமை திரும்பவும் கொஞ்சம். உங்களுக்குத் தெரியும் எண்டுதான் நினைச்சனான். கறிக்கு மீன் தாற மாதிரித்தான் தந்தவர்."

"எவ்வளவு குடுக்கிறாய்?"

"ஒரு மூடி."

"வெறும் வயித்திலயோ?"

"பால்மாவோட கலந்து. இல்லாட்டிக் குடிக்கிறாள் இல்லை."

ஞானமலர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கோபத்துக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. தண்ணீருக்கா, மூடிக்கா, பால்மாவுக்கா, மெழுகுதிரிக்கா?

"இருமல் எத்தினை நாள்?"

"மூண்டு கிழமை இருக்கும்."

"பின்னேரத்தில உடம்பு காயுதோ?"

றீற்றா தலையசைத்தாள். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஏனடி கிளினிக்குக்குக் கொண்டு போகேல்லை?"

"எப்பிடிப் போறது? அண்ணையின்ர மீனுக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாதோ? அவருக்கு நீங்கள் இருக்கிறியள். என்ர வீட்டிலயும் ரி.பி. எண்டு தெரிஞ்சா இந்தக் கருவாட்டை ஆர் மச்சாள் வாங்குவினம்? நாய்க்குத்தான் போடவேணும். அண்ணை சொன்னவர், உது தடுப்பு மருந்துதானே, ரெண்டு பிள்ளையளும் குடிச்சா ரெண்டு பேருக்கும் நல்லது எண்டு."

"தடுக்கிற மருந்து வருத்தம் வராத பிள்ளைக்கடி. வந்த பிள்ளைக்கு வேற கணக்கு."

அந்தக் கணக்கை மிஸி ஒவ்வொரு தடவையும் சொல்லியிருந்தாள். ஞானமலர் கேட்டிருந்தாள். கேட்க வேண்டிய ஆள், அவள் புருசன், அப்போதெல்லாம் கிளினிக் வாசலில் நின்று ஆரோடோ வலைக்கண் அளவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்திருக்கும்.

"பிள்ளைக்கு உடுப்பு மாத்து. இண்டைக்கு கிளினிக்."

"நான் வரேல்லை மச்சாள்."

"வரவைக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன் இரு."

* * *

தோமஸ் கரைக்கு வந்திருந்தான். வீச்சுவலையை மணலில் விரித்துவிட்டு, விற்கிற இறாலைக் கூடையில் போட்டு மூடி, கறிக்கு எடுத்த மீனைப் பனையோலையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல். இந்தப் பக்கத்தில் ஒரு திரளி மீன் கூடிவிட்டது என்று எடுத்து அந்தப் பக்கம் வைத்தான்.

தன் தகப்பன் செத்த நாளிலிருந்து அவன் இப்படித்தான். கறிக்கு எது எடுத்தாலும் தங்கச்சி வீட்டுக்குப் பாதி. கலியாணம் கட்டிய புதிதில் ஞானமலர் இதைக் கண்டு பெருமைப்பட்டிருக்கிறாள். இன்று அந்த இரண்டு குவியலையும் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைப் பிரிக்கிற மாதிரித்தானே அதையும் பிரிச்சனீங்கள்?"

தோமஸ் நிமிர்ந்தான். அவள் இடுப்பில் இருந்த மகனைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. திரளியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"கொதிச்சாறின தண்ணிதான் விட்டனான்" என்றான்.

ஞானமலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

"பெரிய உபகாரம். பச்சைத்தண்ணி விடாமல் விட்டீங்களே."

"மலர், கொஞ்சம் கேள்."

"என்னத்தைக் கேக்கிறது? சிவப்பு வரேல்லை எண்டு பிள்ளை அழுகுது. நாளைக்கு வெல்லுவாய் எண்டு அவனுக்குச் சொல்லி இருக்கிறியள். நாளைக்கு எப்பிடி வெல்லுவான்? தண்ணியில என்ன சிவப்பு வரும்?"

"அடுத்த போத்தல் வந்தாச் சரிவரும் எண்டு நினைச்சன்."

"அதிலயும் பாதி ஊத்தியிருப்பியள்."

அவன் மீனைக் கீழே வைத்தான். கையை மணலில் துடைத்தான்.

"கம்சா என்ர மடியில இருந்துதான் வளர்ந்தவள்" என்றான். "தகப்பன் இல்லாத பிள்ளை எண்டு நான்தான் தூக்கித் திரிஞ்சனான். எனக்கு வருத்தம் எண்டு தெரியிறதுக்கு முன்னம் எத்தினை தரம் அவளின்ர முகத்துக்கு நேர இருமியிருப்பன். கிளினிக்கில வீட்டு ஆக்களை மட்டும்தான் கேட்டவை. மனுசியும் ஒரு பிள்ளையும் எண்டு சொன்னன். அவளைச் சொல்லேல்லை. பிறகு அவள் இருமத் தொடங்கினோண்ண எனக்கு நித்திரை இல்லை."

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"கேட்டிருந்தா நீ மருந்து தந்திருப்பியோ?"

கரையில் கொக்குகள் இரண்டு இறால் குஞ்சு தேடிக்கொண்டு நின்றன. ஞானமலர் அவற்றைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"தந்திருக்கமாட்டன்" என்றாள். "ஆனா அண்டைக்கே அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியிருப்பன். மூண்டு கிழமை போயிட்டுது. எழும்புங்கோ. உங்கட தங்கச்சி கருவாட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வரமாட்டன் எண்டு நிக்கிறாள்."

றீற்றாவை வரவைக்கத் தோமசுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. வாசலில் நின்றபடி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"என்ர மீனை அஞ்சு மாசம் ஆரும் தொடேல்லை றீற்றா. நேற்று ரெண்டு யாவாரி வந்து கேட்டவங்கள். சுகம் வந்தாத் திரும்பியும் வருவினம். பிள்ளை போனா வராது."

றீற்றா கருவாட்டுக்கு மேல் சாக்கை இழுத்து மூடினாள். கம்சாவைத் தமையன் தூக்கினான். தூக்கியவன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தான். இனி அவனிடமிருந்து தொற்றாது என்று எத்தனை பேர் சொல்லியும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை.

* * *

புதன்கிழமைக் கிளினிக், பள்ளிக்கூடத்தின் பின் வகுப்பறையில். அமராவதி மிஸிக்கு ஐம்பது வயது, முழங்காலில் வாதம், நாக்கில் வாதம் இல்லை. ஞானமலர் நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகப் போக, மிஸி போத்தலைத் திறந்து ஒரு பஞ்சில் ஊற்றிப் பார்த்தாள். மாதாவின் தட்டிலிருந்து எடுத்து வந்த சின்னப் போத்தலையும் திறந்து பார்த்தாள். இரண்டையும் மூடி ஒதுக்கி வைத்தாள்.

"ஒரு வலையை நடுவால வெட்டி ரெண்டு பேர் கொண்டு போனா ரெண்டு பேரும் மீன் பிடிப்பியளோ தோமஸ்?"

"இல்லை மிஸி."

"கடலில தெரியிறது கரையில ஏன் தெரியேல்லை? இது நிறை பார்த்து அளந்து தாற மருந்து. குறைச்சுக் குடுத்தாக் கிருமி சாகாது. மருந்துக்குப் பழகிப் போகும். பழகின கிருமியைப் பிறகு எதைக்கொண்டு கொல்லுறது? வருத்தம் வந்த பிள்ளைக்கு இதைத் தனிய ஒருநாளும் குடுக்கக்கூடாது. மூண்டு நாலு மருந்து சேர்ந்துதான் அடிக்கவேணும். நீங்கள் விழுங்கினது எத்தினை குளிசை?"

"நாலு வகை."

"ஏன் ஒண்டு மட்டும் தரேல்லை எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

தோமஸ் நிலத்தைப் பார்த்தான். ஞானமலருக்கு அவனைப் பேச இன்னும் நிறைய இருந்தது. ஆனால் மிஸி பேசுகிற விதத்தில் அவளுக்கு மிச்சம் வைக்கிற மாதிரித் தெரியவில்லை.

மிஸி கம்சாவை நிறுத்தாள். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. குரலைத் தணித்து றீற்றாவிடம் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை கிளினிக் வான் மாங்குளத்தாலை துணுக்காய்ப் பக்கம் போகுது. அங்க நெஞ்சுப் படம் எடுக்கலாம், டொக்டரும் பார்ப்பார். பிள்ளையோட போவியளோ?"

"போறன்" என்றாள் றீற்றா. "ஊருக்கு என்னெண்டு சொல்லுறது மிஸி?"

"ஊருக்கு நான் சொல்லுறன். கருவாட்டாலை இந்த வருத்தம் வராது எண்டு எத்தினை தரமும் சொல்லுவன். நீங்கள் பிள்ளையைப் பாருங்கோ."

பிறகு மிஸி எழும்பி அலுமாரியைத் திறந்தாள். ஒரு போத்தல் சிவப்பு மருந்து எடுத்து மேசையில் வைத்தாள். அதில் ஒட்டிய காகிதத்தில் அனிஸ்ரன் என்று எழுதியிருந்தது.

"ஞானமலர், இதுதான் கடைசி. மருந்து லொறி எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது. படத்தில வருத்தம் எண்டு வந்தா இவளுக்கு உடன தொடங்கவேணும். மற்ற மருந்துகள் என்னட்டக் குளிசையாய் இருக்கு, உடைச்சுக் கரைச்சுக் குடுக்கலாம். இது மட்டும் வேற இல்லை, பெரியாக்களின்ர குளிசையைப் பிள்ளைக்கு அளக்கேலாது."

ஞானமலர் போத்தலைப் பார்த்தாள்.

"உங்கட மகனுக்கு வருத்தம் இல்லை. லொறி வரும் மட்டும் அவன் பொறுப்பான். வந்த உடனை திரும்பத் தொடங்குவம். இவள் பொறுக்கமாட்டாள். ஆனா உங்கட பேருக்கு வந்த போத்தல். கேக்காமல் எடுக்கிற வேலை ஏற்கெனவே நடந்தது காணும்."

றீற்றா அழத் தொடங்கினாள். தோமஸ் மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரில் இருந்த போஷாக்குப் படத்தைப் பார்த்தான்.

ஞானமலருக்கு எல்லார் மேலும் எரிச்சல் வந்தது. கேட்காமல் ஊற்றின புருசன் மேல், ஒளித்து வைத்த மச்சாள் மேல், வராத லொறி மேல், இவ்வளவு நியாயமாகக் கேட்கிற மிஸி மேல். நியாயமில்லாமல் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். பாயில் கிடந்த பிள்ளையின் தோள் எலும்பு கண்ணுக்குள் நின்றது.

"குடுங்கோ" என்றாள்.

"மனசோடதானோ?"

"மனசை ஒண்டும் கேளாதேங்கோ மிஸி. குடுங்கோ."

மிஸி பேனையை எடுத்தாள். அனிஸ்ரன் என்ற பெயரைக் குறுக்கே வெட்டி, மேலே கம்சா என்று எழுதினாள். றீற்றா வந்து ஞானமலரின் கையைப் பிடித்தாள். உப்புக் காய்ந்த கை. ஞானமலர் அதை உதறவில்லை.

"சரி, இவனையும் ஒருக்காப் பார்த்து விடுறன்" என்றாள் மிஸி. "இவ்வளவு நாள் தண்ணி குடிச்சவன்."

அனிஸ்ரனைத் தராசில் ஏற்றினாள். போன மாதத்தை விட நிறை ஒரு துளியும் கூடவில்லை. கண் இமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. நாக்கை நீட்டச் சொன்னாள், நீட்டினான். உத்தரியக் கயிற்றை ஒதுக்கி, கழுத்தின் இரண்டு பக்கமும் விரல்களால் தடவிக்கொண்டு வந்தாள்.

இடது பக்கத்தில் விரல் நின்றது.

"நோகுது" என்றான் அனிஸ்ரன். "விடியவும் நொந்தது. அம்மாவிட்டச் சொன்னனான்."

மிஸி அந்த இடத்தை மறுபடி தொட்டாள். மெல்ல, சுற்றி. பக்கத்தில் இன்னொரு சின்னக் கட்டி.

"இது எப்ப தொட்டு இருக்கு?"

ஞானமலர் மகனின் கழுத்தைத் தானும் தொட்டுப் பார்த்தாள். விடியக் கயிற்றை இழுத்தது தன் கைதான். உனக்கு எல்லாம் நோகும் என்று சொன்னது தன் வாய்தான். காலையிலிருந்து ஊரில் உள்ள எல்லார் பிழையையும் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவளுக்கு இது மட்டும் கையில் படாமல் போய்விட்டது.

"தெரியாது மிஸி" என்றாள்.

"பயப்பிடாதேங்கோ. தடிமலுக்கும் கட்டி வரும். படம் எடுக்காமல் நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா இவனும் வெள்ளிக்கிழமை வானில ஏறவேணும். அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரு மருந்தும் இல்லை."

தோமஸ் ஒரு அடி முன்னுக்கு வந்தான். "மலர்..." என்று தொடங்கினான்.

"நீங்கள் கதைக்காதேங்கோ" என்றாள் ஞானமலர். "லொறி எங்க நிக்குது எண்டு போய் விசாரியுங்கோ. மாங்குளம் மட்டும் சைக்கிளில போகவேணுமெண்டாலும் போங்கோ. அது மட்டும் செய்யுங்கோ, காணும்."

அவன் போனான். ஓடுகிற சத்தம் மணலில் கேட்டது.

அமராவதி மிஸி போத்தலைத் திரும்பவும் கையில் எடுத்தாள். கம்சா என்று எழுதின மை இன்னும் சரியாகக் காயவில்லை. படத்தில் இரண்டு பேருக்கும் வருத்தம் என்று வந்தால் இருக்கிறது இந்த ஒரு போத்தல்தான். மிஸி பேனையைத் திறந்து, அந்தப் பெயருக்குக் கீழே, வெட்டின பெயரையே மறுபடியும் எழுதினாள்.